ஆறு வெற்றி

ஆகஸ்ட். சோளம் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது.
கவுண்டியின் மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியில்
மணிக்கு ஐந்து மைல் போகிறவளுக்கு
யோசிக்க நேரம் நிறைய.
விதைக்கடை ரசீதின் பின்பக்கம்
பன்னிரண்டு ஆட்டங்களையும் எழுதி
ஒவ்வொன்றின் எதிரிலும் வெ, தோ போட்டிருக்கிறேன்.
ஆறு வெற்றி.
அதற்கு மேல் சொல்கிறவன்
ஏதோ விற்க வந்திருக்கிறான்.

குவார்ட்டர்பேக் ஆஸ்ட்ராண்டர் எறிந்தால்
பந்து அறுபது கஜம் பறக்கும்.
எங்கே இறங்கும் என்பது
அவனுக்கும் காற்றுக்கும் இடையில் உள்ள விஷயம்.
அவனுக்கு முன்னால் சுவராக நின்ற ஐந்து பேரில்
மூவர் பட்டம் வாங்கிப் போனார்கள்.
ஒருவனைத் தெற்கே ஒரு பெரிய கல்லூரி
காசு காட்டிக் கூட்டிப்போனது.
மிச்சம் கார்சன் ட்வோராக்.
அவன் வீட்டுப் பன்றிக்கொட்டகை வழியாகத்தான்
செவ்வாய்தோறும் போகிறேன்.
தீவன மூட்டையை இடதுகையால் தூக்குகிறான்.
நம்பலாம். ஆனால்
ஒற்றைக் கம்பம் வேலி ஆகாது.

புதுப் பயிற்சியாளர் டெக்சாஸிலிருந்து
இருநூறு பக்கத் திட்டத்தோடு வந்திருக்கிறார்.
கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து
அது உருகிக் கண்ணை மறைக்கும்போது
பிடிக்கிற திட்டம்.
ஐயா, எங்கள் அணியின் பெயரே கொக்குகள்.
வெண்ணெய் உருகப்போவது
எங்கள் தலையில்.

மேற்கு மாடம், நாற்பத்தோராம் வரிசை,
பதினேழாம் இருக்கை என்னுடையது.
பதினெட்டு, ராய்ஸ் பெல்ஸ்டருடையது.
பதினோரு வருடத்துக்கு முன்
வீடு எனக்கு என்றும் லாரி அவனுக்கு என்றும் தீர்ப்பானது.
நாய் ஏற்கெனவே செத்திருந்தது.
இருக்கைகளை மட்டும்
அவனும் விடவில்லை, நானும் விடவில்லை.
ஏழு சனிக்கிழமை தோளோடு தோள் உட்காருவோம்,
ஆட்டத்தைத் தவிர எதுவும் பேசமாட்டோம்.
சூரியகாந்தி விதையை எனக்கும் நீட்டுவான்.
உமியைத் தன் பக்கமே துப்புவான்.

ராய்ஸ் சொல்வது ஒன்பது.
எல்லா வருடமும் ஒன்பது.
இரண்டே இரண்டு வென்ற வருடமும்
ஆகஸ்டில் ஒன்பது என்றான்.
கல்யாணத்தைப் பற்றியும்
கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தான்.

போன நவம்பர், கடைசி ஆட்டம்.
ஐந்து வெற்றி கையில். ஆறாவது கிடைத்தால்
டிசம்பரில் வெயில் ஊர் ஒன்றில்
இன்னொரு ஆட்டம்.
பனித்தூறல். நான்கு நொடி. முப்பத்தொரு கஜம்.
எலையஸ் மக்கின் உதைத்தான்.
பந்து இடது கம்பத்தில் பட்ட ஓசை
நாற்பத்தோராம் வரிசைவரை கேட்டது,
பாத்திரம் கீழே விழுந்த மாதிரி.
பக்கத்தில் ராய்ஸ்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் அந்தப் பையனைப்
பெட்ரோல் பங்கில் பார்த்தேன்.
என் தொப்பியில் இருந்த கொக்கைப் பார்த்தான்,
தரையைப் பார்த்தான்.
ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
பின்பக்க இடது டயரில் காற்று குறைவு தம்பி என்றேன்.
குனிந்து பார்த்தான்.
உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது.
நன்றி அம்மா என்றான்.
அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது.
ஆனாலும் இந்த வருடம்
யாராவது அவனைத் திட்டினால்
நான் திரும்பிப் பார்ப்பேன்.

மார்ச்சில் பிளாட் ஆற்றின் மணல்திட்டுகளில்
நிஜக் கொக்குகள் லட்சக்கணக்கில் இறங்கும்.
அவற்றைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள்.
ஒரு மாதம் தின்றுவிட்டு
அவை வடக்கே போய்விடும்.
எங்களுக்கு அந்த வசதி இல்லை.

நேற்று ராய்ஸ் செய்தி அனுப்பினான்: ஒன்பது.
ஆறு, என்று பதில் போட்டேன்.
டிசம்பர் கடைசி வாரம் விடுப்பு கேட்டபோது
மேற்பார்வையாளர் லாவெர்ன் காரணம் கேட்டார்.
பல், என்றேன்.
நான்கு மாதம் கழித்து வலிக்கப்போகிற பல்லா
என்று அவர் கேட்கவில்லை.
அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

ரசீது வண்டியின் வெயில்மறைப்பில் செருகியிருக்கிறது.
தோல்விகள் ஆறும் பேனாவில்.
வெற்றிகள் ஐந்து பேனாவில்.
நவம்பர் கடைசி,
அதே எதிரி, அதே மைதானம்:
அந்த ஒரு வெ மட்டும் பென்சில்.
குலுங்குகிற சாலையில் எழுதியதால்
கொஞ்சம் கோணல்.